குடும்பப் பெயர் என்ற கட்டம்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கிறானே என்று நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டுவிட்டது. மனைவியின் பாஸ்போர்ட்டைத்தானே புதுப்பிக்கிறீர்கள்? ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் வந்து நிற்கிறீர்கள். என்ன எழுதுவது என்று யோசிக்கிறீர்கள். போன வருடம் ஜூன் நான்காம் தேதி, இதே கூடத்தில், இதே கட்டத்தில் நானும் நின்றேன்.

உங்கள் டோக்கன் எத்தனை? நூற்றுப் பதினேழா? இப்போது எண்பத்தெட்டுதான் ஓடுகிறது. நேரம் இருக்கிறது. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பயன்படும்.

என் பெயர் தில்லைநாயகம். சொந்த ஊர் மன்னார்குடி. மஸ்கட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். கம்பெனிக்கு வருகிற தாளும் கம்பெனியிலிருந்து போகிற தாளும் என் கை வழியாகத்தான் போகும். பதினெட்டு வருடத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் அவசரக்காரன் இல்லை, அலட்சியக்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்தால்தான் மற்றது புரியும்.

அதோ, இரண்டு வரிசை முன்னால், பச்சைச் சுடிதார். அவள்தான் என் மனைவி பூரணி. பக்கத்தில் எங்கள் பெண் நிறைமதி, நான்காம் வகுப்பு. ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறீர்களா? அங்கே ஏ.சி. காற்று நன்றாக வருகிறது என்றாள். இங்கேயும் வருகிறது. சரி, இருக்கட்டும்.

பூரணியின் பழைய பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தானே. அவள் ஏ. பூரணி. அந்த ‘ஏ’யை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். பூரணி ஏகாம்பரம். அதே பெயரில்தான் இங்கே குடும்ப விசாவும் அடித்தார்கள். விசாவுக்குப் பொறுப்பாளர் நான். பெயர் மட்டும் அவள் அப்பாவுடையது.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். உங்களுக்கு நடந்தால் தெரியும். ஒரு தடவை நிறைமதிக்குக் காய்ச்சல். கிளினிக்கில் பதிவு பண்ணியது பூரணி. கூடம் நிறைய ஆட்கள். நர்ஸ் வந்து, “மிஸ்டர் ஏகாம்பரம்! மிஸ்டர் ஏகாம்பரம்!” என்று கூப்பிடுகிறாள். என்னைத்தான். எழுந்து போனேன். அங்கே என் கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் சேவியர் உட்கார்ந்திருந்தான், நாகர்கோவில்காரன். மறுநாள் கேன்டீனில் தட்டோடு வந்து உட்கார்ந்தான். “என்ன ஏகாம்பரம் சார், வீட்டோட மாப்பிள்ளையா ஆயிட்டீங்களா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது நின்றதா? இரண்டு வருடம், தம்பி. லிஃப்டில் பார்த்தால் ஏகாம்பரம் சார். பார்க்கிங்கில் பார்த்தால் ஏகாம்பரம் சார்.

சரியானது சரியாக இருக்க வேண்டும். கல்யாணமாகி பத்து வருடம் ஆன பெண்ணின் பெயருக்குப் பின்னால் அவள் புருஷன் பெயர் இருப்பதில் என்ன தப்பு?

போன வருடம் மே மாதம் அவள் அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தது. திருத்துறைப்பூண்டியில் தனியாகத்தான் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பூரணிக்கு எட்டு வயதாகும்போது அவள் அம்மா போய்விட்டார். அதற்குப்பிறகு இவளுக்குத் தலை பின்னியது, சோறு வடித்தது எல்லாம் அந்த மனிதர்தான். இவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. தஞ்சாவூரில் காட்டினார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, ஆகஸ்ட் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பூரணி உடனே போக வேண்டும் என்றாள். போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். இதைக் கவனியுங்கள், நான் மறுக்கவே இல்லை. ஆனால் அவள் பாஸ்போர்ட் அக்டோபரில் முடிகிறது. ஆறு மாதம் பாக்கி இல்லாத பாஸ்போர்ட்டில் போனால் திரும்பி வரும்போது சிக்கல். முதலில் புதுப்பிப்போம், பிறகு போ என்றேன். அவளும் சரி என்றாள்.

விண்ணப்பத்தை அவளே பென்சிலால் நிரப்பி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ‘எதையும் மாத்த வேணாங்க, சீக்கிரம் வந்தா போதும்’ என்றாள். நான் இங்கே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக மையால் எழுதிக்கொண்டு வந்தேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஏகாம்பரம் என்று பென்சிலில் இருந்தது. எப்படியும் புதிதாக எடுக்கிறோம், இதையும் இப்போதே திருத்திவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று தோன்றியது. ரப்பரால் அழித்தேன். சுத்தமாக அழிந்தது. தில்லைநாயகம் என்று எழுதினேன். பெயர் மாற்றத்துக்கான உறுதிமொழித் தாள் ஒன்று கேட்டார்கள். அதையும் வீட்டுக்கு எடுத்துப் போய், மற்ற தாள்களோடு சேர்த்து அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அன்று அவள் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே போட்டாள்.

இருபத்து மூன்றாம் நாள் புதுப் பாஸ்போர்ட் வந்தது. பழையதன் மூலையை வெட்டி, ரத்து முத்திரை போட்டு அதையும் கொடுத்தார்கள். விசா அந்தப் பழையதில் இருக்கிறது. அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் வேலை.

பூரணி புதியதைத் திறந்து பார்த்தாள். “இது யாரு?” என்றாள்.

“ஏன், நீதான்.”

“எங்கப்பா பேரு எங்க?”

“கடைசிப் பக்கத்துல இருக்கு பாரு. தந்தை பெயர்னு தனியாவே போட்டிருக்கான்.”

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. நிறைமதி எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குக் கல்யாணமானா உங்க பேரையும் எடுத்துடுவாங்களாப்பா?” என்று கேட்டாள். “உன் பேரை யாரும் தொட முடியாது, போய்ப் படி” என்றேன். குழந்தை, அது பாட்டுக்கு என்னவோ கேட்கும்.

ஜூலை முதல் தேதி இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு ஓமானி இளைஞர். மரியாதையானவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். “இந்த விசாவில் இருப்பவர் பூரணி ஏகாம்பரம். இந்தப் பாஸ்போர்ட்டில் இருப்பவர் பூரணி தில்லைநாயகம். இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார். என் மனைவி என்றேன். சிரித்தார். திருமணச் சான்றிதழ், சென்னையிலும் டெல்லியிலும் மேலொப்பம் வாங்கி, இங்கே தூதரக முத்திரையோடு, அரபு மொழிபெயர்ப்போடு வேண்டும் என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை, தம்பி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். விதி விதிதான்.

மாமனார் நிலைமையைச் சொன்னேன். “அவசரமென்றால் உங்கள் மனைவி நாளைக்கே புறப்படலாம். வெளியே போக இதுவே போதும். ஆனால் திரும்பி வரப் புது விசா எடுக்க வேண்டியிருக்கும்” என்றார்.

வீட்டில் வந்து அதை மறைக்காமல் சொன்னேன். பூரணி சொன்னாள், “நான் போறேங்க. வர்றத அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்போ? இருக்கிற விசாவை ரத்து பண்ணி, புதுசா போட்டு, ரத்தப் பரிசோதனை, கைரேகை, எல்லாம் முடிய மூணு மாசம். நிறைமதியை யாரு பாத்துக்கறது?”

“அவளையும் கூட்டிட்டுப் போறேன்.”

“ஸ்கூலு?”

உணர்ச்சிவசப்பட்டு எடுக்கிற முடிவு, பாருங்கள். மூன்று வாரம் பொறுத்தால் எல்லாம் ஒழுங்காக முடியும்போது, கையில் இருக்கிற விசாவை யாராவது தூக்கிப் போடுவார்களா? அந்தச் சேவியரும் வந்து அறிவுரை சொன்னான். ஆள் வாடிப் போயிருந்தான். “சார், நான் விளையாட்டுக்குச் சொன்னதை இப்படி எடுத்துக்கிட்டீங்களே. விசா போனா போகுது, இன்னைக்கே ஃப்ளைட் ஏத்தி விடுங்க” என்றான். ஏ.சி. மெக்கானிக். தாள் விவகாரம் அவனுக்கு என்ன தெரியும்?

இரண்டு பாஸ்போர்ட்டையும் ஆபீஸ் லாக்கரில் வைத்துவிட்டேன். வீட்டில் குழந்தை இருக்கிறது, கிழித்துவிட்டால்? ஒரு சாயங்காலம் பூரணி, “பாஸ்போர்ட்டைக் குடுங்க” என்றாள். எதற்கு என்றேன். சும்மா பார்க்க வேண்டும் என்றாள். பார்ப்பதற்கு அசல் எதற்கு? மறுநாள் கலர் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி மேசை மேல் வைத்தாள். மூன்று நாள் அங்கேயே கிடந்தது.

இதில் என்னுடைய தப்பு என்று ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். திருமணச் சான்றிதழை நான் லேமினேஷன் பண்ணி வைத்திருந்தேன். நம் ஊரில் எல்லாரும் பண்ணுகிறோமே, தூசி படாது, தண்ணீர் படாது என்று. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் முதல் எல்லாமே அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் லேமினேஷன் செய்த தாளில் முத்திரை குத்த முடியாது, ஏற்க மாட்டார்கள் என்று மேலொப்பம் வாங்கித் தருகிற சென்னை ஏஜென்ட் சொல்லிவிட்டான். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். உங்கள் வீட்டிலும் அப்படி வைத்திருந்தால் இன்றைக்கே புது நகலுக்கு எழுதிப் போடுங்கள்.

புது நகல் வாங்க வேண்டும். கல்யாணம் பதிவானது திருத்துறைப்பூண்டி சார்பதிவாளர் அலுவலகத்தில். அங்கே யார் போவது? என் அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். ஊரில் இருப்பவர் மாமனார் ஒருவர்தான். போன் பண்ணிச் சொன்னேன். பூரணிக்குத் தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னார். மகள் வருவதற்காகத்தானே, போய்ட்டு வர்றேன் மாப்பிள்ளை என்றார். எந்த விண்ணப்பம், எந்த வருடம், என்ன எழுத வேண்டும், எல்லாம் போனிலேயே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டார். கண்டக்டராக இருந்தவர், கணக்காகத்தான் எழுதுவார்.

மூன்று நாள் போனார். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அன்று சாயங்காலம் பேசினார். “முப்பது வருஷமா எல்லாரையும் ‘உள்ள போ, உள்ள போ’ன்னு தள்ளினவன் நானு. இங்க என்னைய ‘வெளிய நில்லுய்யா’ங்கிறான் மாப்பிள்ளை” என்று சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் நகல் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் ரத்த வாந்தி எடுத்தார் என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, பிறகுதான் தெரியும். ஆனாலும் தாளில் ஒரு சுருக்கம் இல்லை, தம்பி. ஏஜென்ட் படம் எடுத்து அனுப்பினான். அவ்வளவு நேர்த்தி. மணமகள் பெயர் பூரணி, தகப்பனார் பெயர் ஏகாம்பரம்.

சென்னையில் பதினோரு நாள். டெல்லியில் விடுமுறை வந்து சேர்ந்துகொண்டது. இது யார் கையிலும் இல்லை. நான் தினமும் போன் பண்ணினேன். ஒரு நாள்கூட விடவில்லை.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி மாமனார் என்னை நேரடியாகக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து. குரல் அடியாழத்தில் இருந்து வந்தது. “மாப்பிள்ளை, பேரு உங்க பேராவே இருக்கட்டும். ஆள மட்டும் அனுப்புங்க” என்றார்.

தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், பாவம். பெயர் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். மாமா, இது பெயர் விஷயம் இல்லை, நடைமுறை விஷயம். சென்னை முடிந்துவிட்டது, டெல்லியில் இரண்டு முத்திரையில் ஒன்று முடிந்துவிட்டது, அது வந்ததும் தூதரகம், அப்புறம் மொழிபெயர்ப்பு, அப்புறம் விசா ஒரே நாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “சரி மாப்பிள்ளை” என்றார். தெளிவாகச் சொன்னால் யாருக்கும் புரியும்.

இருபத்து நான்காம் தேதி காலையில் இறந்துவிட்டார்.

பூரணியின் பெரியப்பா பையன் ஒருவன் வெளியூரிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். பூரணியும் பார்க்க வேண்டும் அல்லவா, அதனால் போனை ஸ்டாண்டில் பொருத்தி, சார்ஜர் போட்டு, முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வீட்டு வைஃபை நல்ல வேகம். மூன்றரை மணி நேரம், படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் அழுவாள் என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அழவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போகும்போது மட்டும், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆடாமல் வைத்துப் பார் என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி டெல்லியிலிருந்து தாள் வந்தது. செப்டம்பர் மூன்றாம் தேதி புதுப் பாஸ்போர்ட்டில் விசா ஏறியது. அந்த ஓமானி இளைஞர்தான். என்னை நினைவு வைத்திருந்து, “தந்தையார் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். சொன்னேன். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத மனிதர். அவர் கண் கலங்கியது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பூரணி கருமாதிக்குப் போய்வந்தாள். பத்தே நாளில் திரும்பினாள். நிறைமதி இங்கே இருந்தாளே. திரும்பும்போது விமான நிலையத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லையாம். நான் சொன்னேன், “பாத்தியா, ஒழுங்கா செஞ்சதால வந்த பலன்.” அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை போலிருக்கிறது.

அதிலிருந்து பத்து மாதம், தம்பி, தேவைக்குத்தான் பேச்சு. சாப்பாடு வேளைக்கு வந்துவிடும். சட்டை இஸ்திரி போட்டு இருக்கும். ஒரு சண்டை கிடையாது. ஆனால் என் ஆதங்கம் என்னவென்றால், அந்த ரெண்டு மாதம் நான் அலைந்த அலைச்சலை ஒருத்தர் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு டிகிரி வெயில். தூதரகத்துக்கு மூன்று தடவை, மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு தடவை. எல்லாம் யாருக்காக? அவள் அப்பாவுக்காகத்தானே?

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் பழைய பெயரிலேயே புதுப்பித்து, விசாவை மாற்றிக்கொள்ளுங்கள். பெயரை அப்புறம் மாற்றலாம். நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன். அது ஒன்றுதான் நடந்த பிசகு. வேறு ஒன்றும் இல்லை.

இன்றைக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்கிறீர்களா? அவளுக்கு மறுபடி அப்பா பெயரே வேண்டுமாம். போன மாதம் ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது சொன்னாள். நான் ஆட்சேபிக்கவில்லை. அப்பாவை இழந்தவள், ஆசைப்படுகிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். நான் பிடிவாதக்காரன் இல்லை என்பது இதிலேயே தெரியவில்லையா? விண்ணப்பத்தை அவளே மையால் நிரப்பிவிட்டாள். நான் எங்கேயும் கை வைக்கவில்லை. நிறைமதிக்கும் சேர்த்துப் புதுப்பிக்கிறாள். அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, இப்போது என்ன அவசரம் என்றேன். சேர்த்தே முடித்துவிடலாம் என்றாள். குழந்தை பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் மறுபடி விசாவை மாற்ற வேண்டும். மறுபடி பெயர் ஒத்துப்போகாது. மறுபடி அத்தாட்சி கேட்பார்கள். அதற்காக இந்தத் தடவை முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தயாராக வைத்திருக்கிறேன். காலையில் காரில் வரும்போது அதை எடுத்துக் காட்டினேன். “ரெண்டு பேர் விசாவும் மூணு வாரத்துல மாத்திடலாம்” என்றேன்.

“மாத்த வேணாம்” என்றாள்.

நடைமுறை அவளுக்குத் தெரியவில்லை, பாருங்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டே விளக்கினேன். “பூரணி, விசா இல்லாத பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு இந்த ஊரைவிட்டுப் போகத்தான் முடியும். திரும்பி வர முடியாது. போன தடவை அந்த ஆபீசர் சொன்னது ஞாபகம் இல்லையா?”

“இருக்கு” என்றாள்.

பின் சீட்டில் நிறைமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இன்னும் ஒரு தடவை முதலிலிருந்து சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “தெரியுங்க” என்றாள்.

தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்வாளா? நீங்களே சொல்லுங்கள், தம்பி.